பெர்கனுக்குச் செல்லும் வழிகள்

ஓர் ஊருக்குச் செல்லும் வழி யாது என்று கேட்பார்க்குத் தொலைவு இவ்வளவு, நாள் இவ்வளவு, செலவு இவ்வளவு என்று விடை கூறுதல் உலக வழக்கம். இம்மூன்றும் அறிந்தவன் வழியறிந்தவன் என்றே யானும் சில திங்களுக்கு முன்வரை எண்ணியிருந்தேன். ஓர் ஊருக்குரிய வழிகளை ஆராயப் புகுந்த பின்னரே அவ்வெண்ணம் குறையுடையதென உணர்ந்தேன். அவ்வூர், நார்வே நாட்டின் மேல்கடற்கரையிலுள்ள பெர்கன் என்பது. அவ்வாராய்ச்சியில் யான் கண்டவற்றை நம் கல்லூரி நண்பர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவனுக்குப் பெர்கனில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கட்கு விடை கூறிப் பின்னர் வழிகளை விரிப்பேன். தமிழிலக்கணத்தை ஐரோப்பியர்க்கு இலத்தீன் மொழியில் விளக்கும் நூலொன்று 1716ஆம் ஆண்டு செர்மனி நாட்டு ஹாலே நகரில் அச்சேறியது. அதனை இயற்றியவர் தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு ஐயர். அவர் அந்நூற்பணியைக் கையிற்கொண்டு தரங்கம்பாடியினின்றும் ஐரோப்பாவிற்குச் சென்றபோது முதற்கண் கரையிறங்கிய ஊர் பெர்கனே. அவருடன் இறங்கியவர் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர். ஆகவே, நம் மொழியின் இலக்கணம் கடல் கடந்து சென்ற வரலாற்றில் அக்குளிர்நாட்டுத் துறைமுகத்திற்கும் ஓரிடமுண்டு.

ஊரின் இயல்பு

பெர்கன் நார்வேயின் இரண்டாம் பெருநகர். எனினும் அங்கு வாழ்வோர் மூன்று இலட்சத்திற்கும் சற்றுக் குறைந்தவரே. ஆதலின் சென்னையில் வாழும் நமக்கு அது சிற்றூராகவே தோன்றும். சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் இருக்க, பெர்கன் 60 பாகையில் உள்ளது. மலைகள் சூழ்ந்த கடற்கழியின் கரையில் அமைந்த அவ்வூரில் ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்யும். ஜூன் திங்களில் அங்குப் பகல் ஏறத்தாழப் பத்தொன்பது மணி நேரம். டிசம்பரில் ஆறு மணி நேரத்திற்கும் குறைவு.

அவ்வூரை வளர்த்தது மீன் வாணிகம். வடக்கேயுள்ள லொபோட்டன் தீவுகளிற் பிடிபடும் காட் என்னும் மீனை உப்பிடாது குளிர்காற்றில் தொங்கவிட்டு உலர்த்திப் பெர்கனுக்குக் கொணர்வர். ஹான்சா என்னும் செர்மானிய வணிகக் கூட்டத்தினர் ஏறத்தாழ 1360 முதல் அங்குப் பண்டகசாலை அமைத்து, அம்மீனை வாங்கித் தானியத்தை விற்றனர். 1702ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. அதன்பின் மரத்தாற் கட்டப்பெற்ற வணிகர் வீடுகளின் வரிசை இன்றும் துறைமுகத்தருகே நிற்கின்றது. 1979இல் அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. காசிமேட்டுக் கருவாட்டுக் கடைகளின் மணத்தில் வளர்ந்த வடசென்னையார்க்கு, கருவாட்டாற் செல்வம் பெற்ற ஓர் ஊர் முற்றிலும் அயலூராகத் தோன்றாது.

சென்னையிலிருந்து பெர்கனுக்கு நேர்க்கோட்டிற் கணக்கிட்டால் ஏறத்தாழ 7,900 கிலோமீட்டராகும். இத்தொலைவு மலையப்பன் காலத்திலும் இதுவே. நம் காலத்திலும் இதுவே. ஆனால் வழி ஒவ்வொரு காலத்தும் வேறாயிற்று. அவ்வேறுபாட்டினை முறையே காண்போம்.

பாய்க்கப்பல் வழி

சீகன்பால்கு ஐயரின் காலத்தில் நார்வே தனியரசன்று. டென்மார்க்கு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1814 வரை அந்நிலை நீடித்தது. தரங்கம்பாடியும் அம்மன்னரின் கொடியின்கீழ் இருந்தது. 1618இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட ஓவே யேடே என்பவரின் கப்பல்கள் 1620இல் இலங்கையையும் பின்னர்ச் சோழமண்டலக் கரையையும் அடைந்தன, தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்யப்பெற்றது, கோட்டை எழுந்தது. 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்படும்வரை தரங்கம்பாடி டேனியர் வசமே இருந்தது. ஆதலின், தரங்கம்பாடிக்கும் பெர்கனுக்கும் இடையே கடல் பல கிடந்தும், இரண்டும் ஓர் அரசின் இரு துறைகளாயிருந்தன.

சீகன்பால்கு 1705 நவம்பரிற் கோபன்ஹேகனிற் கப்பலேறி, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். எட்டாண்டுகள் கழித்து, 1714 அக்டோபரில் மலையப்பனை உடனழைத்துக்கொண்டு திரும்பிப் பயணமானார். அக்டோபரிற் புறப்பட்டமைக்குக் காரணமுண்டு. பாய்க்கப்பல் காற்றின் ஏவலாள். வடகிழக்குப் பருவக்காற்று எழுங்காலத்தே நம் கரையைவிட்டு நீங்கினாலன்றி, இந்துமாக்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவின் தென்முனையை நோக்கிச் செல்லுதல் எளிதன்று. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கு மாகடலில் வடக்கே ஏறி ஐரோப்பாவை அடைய வேண்டும். இருபதாயிரங் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி அது. 1715 ஜூன் தொடக்கத்திற் கப்பல் பெர்கனை அடைந்தது. ஆகவே பயணம் ஏழு திங்கள்.

அவ்வேழு திங்களும் எத்தகையன என்பதை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். பசுங்காயும் கனியும் இன்றி உலர்ந்த உணவையும் நாட்பட்ட நீரையும் கொண்டு காலங்கழித்தல் வேண்டும். பல்லீறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய் மாலுமிகள் பலரைக் கொன்றது. எலுமிச்சையும் ஆரஞ்சும் அந்நோயைப் போக்கும் என்று ஜேம்ஸ் லிண்டு என்னும் மருத்துவர் சோதித்தறிந்தது 1747ஆம் ஆண்டிலேயாம். அன்றியும் அப்பொழுது டென்மார்க்கும் சுவீடனும் போரிட்டுக்கொண்டிருந்தன. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்குத் தம் தலைநகரில் இல்லை. வடசெர்மனியிலுள்ள ஸ்திரால்சுந்து நகரை முற்றுகையிட்ட படையுடன் இருந்தார். பெர்கனில் இறங்கிய ஐயர் அம்மன்னரைக் காணப் பாசறைக்கே செல்ல நேர்ந்தது. பின்னரே கோபன்ஹேகனும் ஹாலேயும்.

இத்துணை இடர்களுக்கிடையே கப்பலிற் காலத்தை வீணே கழியாமல் ஐயர் தமிழிலக்கண நூலை எழுதினார். தமிழைத் தாய்மொழியாக உடைய மலையப்பன் துணையாக உடனிருந்தார். நூலின் முகப்பிலே சீகன்பால்குவின் பெயர் உள்ளது; மலையப்பனின் பெயர் இல்லை. அக்கால வழக்கு அது என்பர் சிலர். அஃதுண்மையே. ஆயினும், ஏழு திங்கள் கடலிற் கிடந்து, தாம் பிறந்த மொழியை அயலார் கற்கத் துணைசெய்த இளைஞர் ஒருவர் இருந்தார் என்பதைத் தமிழ் மாணவராகிய நாமாவது மறவாதிருத்தல் கடன். ஐயர் 1716 ஆகஸ்டிற் சென்னைக் கரையிலே வந்திறங்கித் தரங்கம்பாடிக்குச் சென்றார். மலையப்பனும் தாயகம் திரும்பி, 1730இல் இறக்குமளவும் தமிழ்ப்பணியில் ஈடுபட்டிருந்தார். அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்தே மாந்தரும் பண்டமும் கரை சேர வேண்டும். ஐரோப்பாவிற்கும் சென்னைக்கும் இடைப்பட்ட ஆயிரக்கணக்கான கல் தொலைவினும், கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட அரைக்கல் தொலைவே அஞ்சத்தக்கதாயிருந்தது.

நீராவி வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி தோன்றிக் காற்றின் ஆட்சியை ஒழித்தது. 1856இல் நம் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதற் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1861இற் சென்னைக் கடலில் இரும்புத் தூண்களின்மேல் நீண்ட மேடையொன்று அமைந்தது. 1869இற் சூயசுக் கால்வாய் திறக்கப்பெற்றது. ஆப்பிரிக்காவைச் சுற்றும் தேவை நீங்கவே, திங்கள் பலவாயிருந்த பயணம் வாரங்களாகக் குறுகியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சென்னையிலிருந்து பெர்கன் செல்ல விரும்பிய ஒருவர்க்கு இருந்த வழி பின்வருமாறு. எழும்பூரிலே போட் மெயில் என்னும் ரயிலேறுவார். 1914இல் திறக்கப்பெற்ற பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியை அடைவார். அங்கிருந்து சிறு கப்பலில் தலைமன்னாருக்கும், மீண்டும் ரயிலிற் கொழும்புக்கும் செல்வார். கொழும்பிலே பெருங்கப்பல் ஏறி, ஏடன், சூயசு வழியாக மூன்று வாரங்களில் இங்கிலாந்தை அடைவார். பின்னர் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள நியூகாசில் துறையிலிருந்து வடகடலைக் கடக்கும் கப்பலிற் பெர்கனில் இறங்குவார். எல்லாம் சேர்ந்து ஒரு திங்கள் அல்லது அதனிற் சற்று மிகும்.

இவ்வழியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அற்றுப்போயின. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் பெருங்கப்பல்கள் விமானத்தின்முன் நிற்கமாட்டாது மறைந்தன. நியூகாசிலுக்கும் பெர்கனுக்கும் இடையே நெடுங்காலம் நடந்த கப்பற் போக்குவரத்தும் 2008இல் நிறுத்தப்பெற்றது. இன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் உண்டு, ஐரோப்பாவிற்கு இல்லை. செல்வன எல்லாம் பெட்டகக் கப்பல்களே. அவற்றின் வழியும் என்றும் உறுதியன்று. 2023இன் இறுதியிற் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பெற்றபோது, பல கப்பல்கள் சூயசை விடுத்து, மலையப்பன் சென்ற அதே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின.

நிலவழி

கடலை அஞ்சுவார் நிலத்தின் வழியே செல்லலாகாதா எனின், ஒரு காலத்திற் சென்றதுண்டு. 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகப் பேருந்துகளில் இந்தியாவிற்கு வந்தனர். அவ்வழியே சென்ற இந்தியரும் உளர். 1979இல் ஈரானில் எழுந்த புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானிற் சோவியத்துப் படை புகுந்தமையும் அவ்வழியை அடைத்துவிட்டன. சாலை இன்றும் உள்ளது. மலையும் ஆறும் இடம்பெயரவில்லை. ஆயினும் எளியார்க்கு வழி இல்லை. சாலை இருத்தல் வேறு, வழி இருத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

வான்வழி

இக்காலத்து நாம் கொள்ளத்தக்கது வான்வழி. சென்னையிலிருந்து பெர்கனுக்கு நேரான விமானம் இல்லை. ஓரிடத்திலேனும் ஈரிடத்திலேனும் மாறுதல் வேண்டும். அதனை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டலாம்.

முதலாவது, வளைகுடா வழி. துபாய், தோஹா முதலிய நகரங்களுக்குச் சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். அங்கு மாறி ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் நார்வேயின் தலைநகராகிய ஓஸ்லோவை அடையலாம்.

இரண்டாவது, ஐரோப்பியப் பெருநகர் வழி. பிராங்க்பர்ட்டு போன்ற நகரத்திற்கு ஏறத்தாழப் பத்து மணி நேரத்திற் சென்று, அங்கிருந்து இரண்டு மணி நேரத்திற் பெர்கனிலேயே இறங்கலாம். ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன் ஆகிய நகரங்களிலிருந்தும் பெர்கனுக்கு நேராக விமானம் உண்டு.

மூன்றாவது, கோபன்ஹேகன் வரை விமானத்திற் சென்று, டென்மார்க்கின் வடமுனையருகேயுள்ள ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறையை ரயிலில் அடைந்து, அங்கிருந்து ஸ்டவாங்கர் வழியாக ஓரிரவு கப்பலிற் சென்று பெர்கன் சேர்தல். காலமிகுதி வேண்டும், ஆயினும் பழைய டேனியக் கடல்வழியின் ஒரு துண்டை இன்றும் காண விரும்புவார்க்கு இதுவே ஏற்றது.

ஓஸ்லோவில் இறங்குவார்க்கு அங்கிருந்து பெர்கனுக்கு விமானம் ஒரு மணி நேரத்திற்கும் குறைவே. எனினும் ரயிலே சிறந்ததென்பது பலர் கருத்து. 1909இல் திறக்கப்பெற்ற அவ்விருப்புப்பாதை மலைமுகட்டைக் கடந்து ஏழு மணி நேரத்திற்கு உட்பட்ட அளவிற் பெர்கனை அடைகின்றது. வழியிலுள்ள பின்சே என்னும் நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் 1,222 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டல நிலையம் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். பின்சே அதிற் பாதியினும் சற்றே மிகுந்தது. ஆயினும் உதகையிற் பனித்துளி உறைதலைக் கண்டு வியக்கின்றோம். பின்சேயிலோ ஆண்டிற் பெரும்பகுதி வெண்பனி மூடிக் கிடக்கும். உயரம் மட்டுமன்றி, நிலநடுக்கோட்டினின்று விலகிய அளவும் குளிருக்குக் காரணமாதலை மாணவர் இதனால் அறியலாம். பயணச்சீட்டை முற்படவே வாங்குவார்க்குக் கட்டணம் குறையும்.

இரு முனைகளிலும் வழி எளிதாயிருத்தல் குறிக்கத்தக்கது. யான் வாழும் எம்.கே.பி. நகரிலிருந்து பேருந்திலோ பங்கு ஆட்டோவிலோ வண்ணாரப்பேட்டை சென்றால், அங்கிருந்து மெட்ரோ ரயில் மாறாமலே மீனம்பாக்கம் விமான நிலையத்திற்குக் கொண்டு விடும். 2021 முதல் திருவொற்றியூரார்க்கும் விம்கோ நகரார்க்கும் இவ்வசதி தம் ஊரிலேயே கிடைத்துள்ளது. பெர்கன் விமான நிலையத்திலிருந்தும் 2017 முதல் இலகு ரயில் நகர நடுவிற்குச் செல்கின்றது. காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால், எம்.கே.பி. நகரில் உண்டு புறப்பட்ட ஒருவர் மறுநாள் பெர்கனில் உண்ணலாம். ஏழு திங்கள் ஒரு நாளாயிற்று.

புறப்படும் வழி

இத்தனையும் எழுதிவைத்து ஓரிரவு எந்தையாரிடம் படித்துக் காட்டினேன். அவர் பெட்டக லாரி ஓட்டுபவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்று, துறைமுக வாயிலிற் பெட்டகத்தை ஒப்படைத்துத் திரும்புவது அவர் தொழில். அவருடைய தந்தையார், என் பாட்டனார், அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இருவரும் வாழ்நாளெல்லாம் கப்பல்களை அனுப்பினர், ஒருமுறையேனும் ஏறியவரல்லர். எந்தையார் பொறுமையாகக் கேட்டுப் பின் ஒரே வினா எழுப்பினார்: “தம்பி, போவதற்கு ஒரு நாள் என்கிறாய், புறப்படுவதற்கு எத்தனை நாள்?”

என் குறிப்பேட்டில் அதற்கு விடை இல்லை. பின்னர்த் தேடிக் கண்டது இது.

பெர்கனைக் காணமட்டும் செல்வோர் ஷெங்கன் விசா பெறுதல் வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று. எனினும் 2001 முதல் ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளுள் ஒன்றாக நடைபெறுகின்றது. அவ்விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்வரை தங்கலாம். விண்ணப்பத்தைப் பயணத்திற்கு ஆறு திங்களுக்கு முன்னர்க் கொடுத்தலாகாது; பதினைந்து நாளுக்குக் குறையாமல் முற்படக் கொடுத்தல் வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மறுக்கப்படினும் அது திரும்பாது. 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும், கைரேகைப் பதிவும், வங்கிக் கணக்கின் விவரமும், திரும்பி வருவதற்கான சான்றும் வேண்டும். மாறிச் செல்லும் நாடுகள் சிலவற்றில் தனி அனுமதியும் கேட்பர். அதனைச் சீட்டு வாங்குமுன் விசாரித்தறிதல் நன்று. பிராங்க்பர்ட்டு முதலிய ஷெங்கன் நகரில் மாறுவோர்க்குக் குடியேற்றச் சோதனை அங்கேயே நிகழும், பெர்கனில் அன்று என்பதையும் நினைவிற் கொள்க. இடையில் ஒரு மணி நேரமே வைத்துக்கொண்டு சீட்டு வாங்கியவர் விமானத்தைத் தவறவிட நேரும்.

கற்கச் செல்வோர்க்கு வழி வேறு. முதலிற் பல்கலைக்கழகத்தில் இடம் பெறல் வேண்டும். பின் வசிப்பனுமதி பெறல் வேண்டும். அதற்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவிற்குரிய பணத்தைக் காட்டல் வேண்டும். இவ்விடத்தே எனக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. வடபுல நாடுகளின் அரசுப் பல்கலைக்கழகங்கள் முன்னர் அயல்நாட்டார்க்கும் இலவசமாகக் கல்வி அளித்தன. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்திற்குப் புறம்பானவர்க்கு டென்மார்க்கு 2006லும், சுவீடன் 2011லும், பின்லாந்து 2017லும் கட்டணம் விதித்தன. நார்வே மட்டும் நெடுநாள் விதிக்காதிருந்தது. 2023ஆம் ஆண்டின் இலையுதிர்காலப் பருவம் முதல் அந்நாடும் விதித்துவிட்டது. பள்ளியிற் படிக்கும்பொழுது, நார்வேயில் ஏழைக்கும் உயர்கல்வி உண்டு என்று ஓர் ஆசிரியர் கூறக்கேட்டு மகிழ்ந்திருந்தேன். கூறியது அன்று உண்மை. யான் கல்லூரிக்கு வருமுன்னே அது பழங்கதையாயிற்று.

இவ்வாயில் திறந்தும் அடைத்தும் வந்துள்ளமையை ஈழத்தமிழர் வரலாறும் காட்டும். யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆண்டனி இராஜேந்திரம் 1956இல் நார்வே சென்றார். அவரைத் தொடர்ந்து இளைஞர் சிலர் சென்றனர். 1975இல் வேலை தேடி வருவோர்க்கு நார்வே வாயிலை அடைத்தது. அதன்பின் மக்கள் உயர்நிலைப்பள்ளிகள் என்னும் கல்விநிலையங்களின் மாணவராகச் சென்றோர் பலர். 1983க்குப் பின் போருக்கு அஞ்சி அடைக்கலம் தேடிச் சென்றோர் மிகப் பலர். அவருள் ஒரு சாரார் வடகோடியிலுள்ள மீன்பதனிடும் ஆலைகளில் உழைத்தனர். இன்று நார்வே நகரங்களில் தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் நடைபெறுவது அவர்தம் உழைப்பின் பயனாகும். தொலைவு மாறவில்லை, வாயில்தான் மாறியது.

இனி முன்னர்க் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மலையப்பன் காலத்திற் செல்வது அரிது. பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார் இலர். அவரைத் தடுத்தவை காற்றும் கடலும் நோயும். நம் காலத்திற் செல்வது எளிது, புறப்படுவதே அரிது. நம்மைத் தடுப்பவை பணமும் அனுமதியும் அறியாமையும். எந்தையார் வாயிலில் ஒப்படைக்கும் இரும்புப் பெட்டகம் ஒரு தாளின் துணையால் உலகைச் சுற்றுகின்றது. அதனை இழுத்துச் சென்றவர்க்குத் தாள் பல வேண்டும். ஆனால் அக்காலத்தும் எளியவன் தனித்துச் செல்லவில்லை என்பதையும் மறத்தலாகாது. மலையப்பன் சென்றது ஐயர் ஒருவர் அழைத்துச் சென்றமையாலே. எக்காலத்தும் முன்னர்ச் சென்றறிந்தவர் ஒருவரின் கையைப் பற்றியே எளியவன் கடலைக் கடக்கின்றான்.

முடிவுரை

மூன்று தடைகளுள் பணமும் அனுமதியும் நம் கையில் முற்றும் இல்லை. அறியாமை ஒன்றே நாம் இன்றே நீக்கத்தக்கது. ஏனெனின் வாயில் முழுதும் அடைபடவில்லை. இரு கல்விநிலையங்களிடையே உடன்படிக்கை இருப்பின், ஒரு பருவமோ இரு பருவமோ பரிமாற்ற மாணவராகச் செல்வோர்க்கு நார்வேயிற் கட்டணம் இல்லை. முனைவர்ப்பட்ட ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் அங்கு ஊதியம் பெறும் பணியாளராகவே அமர்த்தப்படுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் உதவித்தொகையும் உண்டு. இவற்றை அறிந்த குடும்பத்துப் பிள்ளைகள் முதலாண்டிலேயே ஆயத்தம் செய்கின்றனர். அறியாதார் இறுதியாண்டில், காலங்கடந்த பின் கேள்விப்படுகின்றனர். என் தெருவில் இவற்றைக் கேட்டறியத்தக்கவர் ஒருவரும் இல்லை. நம் கல்லூரியில் இத்தகைய தெருக்களிலிருந்து வருவோர் என்னைப் போற் பலர்.

ஆதலின் மூன்று வேண்டுகோளை இங்கே வைக்கின்றேன். கடல் கடந்து கற்ற பழைய மாணவர்கள், தாம் சென்ற வழியையும், பட்ட இடரையும், செலவான பணத்தையும் ஒளிக்காது ஒரு கடிதமாக எழுதி நம் நூலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். நூலகத்தார் அவற்றை ஓரேட்டிற் சேர்த்து, ஆண்டுதோறும் திருத்தி, எவரும் எளிதில் எடுத்துக் காணும்படி வைத்தல் வேண்டும். ஆசிரியப் பெருமக்கள், அயல்நாட்டுக் கல்விநிலையம் ஒன்றுடனேனும் பரிமாற்ற உடன்படிக்கை செய்தற்கு முயலல் வேண்டும். அவ்வேட்டின் முதற்பக்கங்களாக இக்கட்டுரைக்கெனத் திரட்டிய குறிப்புகளைத் தரவும், கடிதங்களைப் பெற்று அடுக்கும் பணியைச் செய்யவும் யான் ஆயத்தமாயிருக்கின்றேன்.

யான் பெர்கன் செல்வேனோ மாட்டேனோ, அறியேன். எந்தையார் கேட்ட வினாவிற்கு மட்டும் இப்பொழுது ஒருவாறு விடை கூற இயலும்: புறப்படுவதற்கு மூன்றாண்டு வேண்டும், அவற்றுள் முதலாண்டு அறிவதற்கு உரியது. அதனை அவரிடம் கூறினேன். “அப்படியானால் இன்றைக்கே தொடங்கு,” என்றார். நண்பர்களே, அவ்வுரை எனக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவர்க்கும் உரியது.